அம்மாவோட சொட்டு மருந்து

ஹலோ... ஆங், சொல்லு முனிராஜு... இல்ல, ட்யூட்டிலதான் இருக்கறேன். வியாழக்கெழம பாலக்கோடு ஆஸ்பத்திரியில கண்ணு ஓ.பி.ன்னு உனுக்குத் தெரியாதா? வெளிய நாப்பது பேரு வரிசையில நிக்கறாங்க. சீக்கிரம் சொல்லு...

என்னா வார்த்த?... இங்கிலீசா?... யாரு எழுதுன சீட்டு?... தருமபுரி டாக்டரா. யாருக்கு?... பக்கத்து வூட்டுக்காரங்களுக்கா. சரி, போட்டோ புடிச்சி வாட்ஸப்புல அனுப்பு, பாத்துச் சொல்றேன்... நெட்டு தீந்துருச்சா. சரி சரி, எழுத்து எழுத்தாவே படி. அவசரப்படாம படி...

ம்... ஆர்... ஈ... அது ரைட் ஐ. வலது கண்ணு. அடுத்தது... சி... ஓ... ஆர்... என்... போதும் போதும், கார்னியல். கருவிழிடா. கெடியாரத்து முள்ளு மேல கண்ணாடி மூடியிருக்குதில்ல, அதுமாரி கண்ணு மேல மூடியிருக்கறது. ம்... யு... எல்... சி... அல்சர். புண்ணு. கருவிழியில புண்ணு. தூசி பட்டு, நெல்லு சொனை பட்டு, இந்தப் பக்கம் நெறையப் பேருக்கு வருது. அப்பறம்?...

எஃப்... யு... என்... ஜி... பக்கத்துல கொக்கியா? அது கேள்விக்குறி. ஃபங்கலான்னு சந்தேகப்பட்டு எழுதியிருக்கறாரு. பூஞ்சக்காளான். பழைய ரொட்டி மேல பஞ்சாட்டம் பூக்குமில்ல, அது. ஆமா, கண்ணுலயும் பூக்கும். செடி, தழ, சோகை எதாவது கீறுனா பூக்கும்... அவுங்க என்னா வேல செய்யறவங்க?... சரி, வுடு, படி...

பெரியவரே, கண்ண மூடிக்கிட்டு உக்காருங்க. தெறக்கக்கூடாது. மருந்து எரியத்தான் செய்யும்... உன்னயில்லடா, இங்க ஒருத்தருக்குக் கண்ணு பாப்பா விரியறதுக்கு மருந்து வுட்டு உக்கார வெச்சிருக்கறேன். நீ படி.

ஹெச்... ஒய்... பி... ஓ... பி... ஒய்... நிறுத்து. நிறுத்து நிறுத்து. அதத் திரும்பப் படி... ஹைப்போபியான். அய்யோ. முனிராஜு, அது நல்ல வார்த்த இல்ல. சீழு. கண்ணுக்குள்ள சீழு புடிச்சி, டம்ளர் அடியில வண்டல் நிக்கறாப்பல கருவிழிக்குப் பின்னால தேங்கி நிக்குது. யாருடா அந்தப் பக்கத்து வூட்டு ஆளு? இப்ப எங்க இருக்கறாங்க? ஆஸ்பத்திரியிலதான?...

அத அப்பறம் சொல்லு. சரி, வி.ஏ.ன்னு ரெண்டு எழுத்து இருக்கும் பாரு, பார்வ எவ்ளோன்னு எழுதறது. அதுக்கு எதுத்தாப்பல என்னா இருக்குது?... ஆறுன்னு போட்டு, கோடு போட்டு, எதனா நம்பர்?... நம்பரே இல்லியா? பின்ன?... ஹெச்... எம்...

ம்...

கேளு. போர்டுல எழுத்தப் படிச்சா நம்பர் போடுவோம். எழுத்து தெரியிலன்னா வெரல எண்ணச் சொல்லுவோம். வெரலும் தெரியிலன்னா மூஞ்சிக்கு முன்னால கைய ஆட்டிப் பாப்போம். அதுதான் ஹெச்.எம். எதோ ஆடுதுன்னு மட்டும்தான் தெரியுது. கையா காலான்னு தெரியாது. அதுக்குக் கீழ வெளிச்சம் தெரியுதான்னு பாப்போம். அதுக்கும் கீழ ஒண்ணுமில்ல.

மேல பேரு எழுதியிருக்குமே, அதப் படி... பேரப் படிடா... ஏ... எம்... யு...

அமுதாவா?

டேய். அமுதவல்லியாடா? உம் பொண்டாட்டிதான் பக்கத்து வூட்டுக்காரங்களா?... பேசாத. ஒரு நிமிசம் பேசாத நீ. கலைமதி, அந்தப் பெரியவரப் பாத்துக்கம்மா, வூட்டுல ஒரு பிரச்சன, நான் வராண்டாவுக்குப் போறேன்... ம், சொல்லு. என்னா ஆச்சு அவுளுக்கு?...

கரும்புக்குச் சோகை உரிக்கப் போனா. ம்... வலது கண்ணுல சுரீர்னு கீறிடுச்சு. ம்... எப்ப?... போன வாரம் செவ்வாக்கெழம. இன்னிக்கு வியாழக்கெழம. ஒம்பது நாளு. ஒம்பது நாளா எனுக்கு ஒரு போன் பண்ணல நீ. நான் கண்ணு டெக்னீசியனா பதினேழு வருசமா குப்ப கொட்டறேன், எவனெவன் வூட்டுக் கண்ணையோ பாக்கறேன், எந் தம்பி வூட்டுல கண்ணு அழுகுறது எனுக்குத் தெரியல...

சீட்டுல தேதி இருக்குதா?... திங்கக்கெழமையா? திங்கக்கெழம எழுதுன சீட்ட வியாழக்கெழம எங்கிட்டப் படிச்சிக் காட்டறியா? கடைசி வரியப் படி. அடியில கோடு போட்டு எதனா இருக்கும்... ஆர்... ஈ... எஃப்... அது ரெஃபர். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன்னு அர்த்தம். பக்கத்துல?... யு... ஆர்... ஜி... அர்ஜென்ட். அதுக்கு ரெண்டு கோடு போட்டிருக்கறாரா? அந்தத் தருமபுரி டாக்டரு ரெண்டு கோடு போட்டு எழுதியிருக்கறாரு, நீ மடிச்சிச் சட்டப் பையில வெச்சிக்கிட்டு மூணு நாளாச் சுத்திக்கினு இருக்கற. த்தூ.

வாயில நல்லா வருது எனுக்கு... இல்ல, அவரு வாயாலயும் சொல்லியிருப்பாரு, உன் காதுல ஏறல. சும்மா பயமுறுத்தறாருன்னு நெனச்சியா. அவரு எதுக்குடா உன்ன பயமுறுத்தணும்...

சரி, கீறுன அன்னிக்கு என்னா பண்ணீங்க? மொதல்லருந்து சொல்லு. மறைக்காம சொல்லு... மேலத்தெரு காசியம்மா அத்த... அவுங்க எதுக்கு வந்தாங்க?... நாக்கால எடுத்தாங்களா?

கண்ணுலயா. நாக்க வுட்டா.

வெத்தல பாக்கு போட்ட வாயோட, அந்தப் பொயல ஊறுன நாக்க, கீறுன கண்ணுல வுட்டுத் தொழாவி... நீ பக்கத்துல நின்னு லைட்டு புடிச்சியா? நம்ம எச்சித் தட்டுல இன்னொருத்தர் சாப்புட்டா மொகஞ் சுளிக்கறோம். கண்ணு மட்டும் எச்சிக்கு ஆவுமா? அந்த நாக்கு போன எடத்துல காளான் மொளைக்காம மல்லியா மொளைக்கும்?...

அப்பறம்?... கைக்கொழந்தக்காரிகிட்டத் தாய்ப்பாலு வாங்கி வுட்டீங்க. ம்... ஒரு நாளா, ரெண்டு நாளா?... சந்தோசம். அப்பறம்?...

என்னாடா முழுங்கற. சீட்டுல எங்கியாவது ஹெச் போட்டு, சாஞ்ச கோடு போட்டு, ஓ இருக்குதா பாரு... இருக்குதில்ல. ஹிஸ்டரி ஆஃப். அதாவது, முன்னாடி என்னா பண்ணீங்கன்னு கேட்டு எழுதறது. அதுக்குப் பக்கத்துல படி... டி... ஓ... பி... ஐ... ம், மேல வுடற மருந்து... எஸ்... டி... ஈ... ஆர்...

ஸ்டீராய்டு.

எந்த ஸ்டீராய்டு? எங்கருந்து வந்துச்சு உனுக்கு? மெடிக்கல்ல கேட்டு வாங்குனியா?... அம்மாவோடதா? அம்மாவுக்குக் கண்புரை ஆபரேசன் ஆனப்ப வாங்குன சொட்டு மருந்தா? டேய், அம்மா ஆபரேசன் பண்ணி ரெண்டு வருசம் ஆச்சுடா... ஃப்ரிட்ஜு மேல வெச்சிருந்தீங்களா. விபூதி டப்பா பக்கத்துல. அடடடா. மூடிய ஒடச்சா ஒரு மாசம், அப்பறம் தூக்கிப் போட்டுடணும்னு அன்னிக்கே சொல்லியிருப்பாங்களே. பாட்டில எடுத்துக்கிட்டு வா, கையில எடு. மூனையப் பாரு. எப்பிடி இருக்குது?... கறுப்பாவா? கறுப்பா புள்ளி புள்ளியாவா?...

அய்யய்யே. அய்யய்யே... அதையா அவ கண்ணுல வுட்டீங்க. அந்த மூனைய இமையில ஒரசி ஒரசித்தான வுட்டிருப்பீங்க. வூட்டுல இருக்கற அத்தினி பேரு பூளையும் அதுல ஒட்டியிருக்கும்.

என்னாது, நல்லா ஆச்சா?... ரெண்டு நாளுல செவப்பு போயிருச்சு, நோவும் கம்மியாச்சு. போவுண்டா. போவத்தான் போவும். அதுதான் அந்த மருந்தோட வேல. திருடன் உள்ள பூந்ததும் நாயி கொலைக்குமில்ல, அந்தச் செவப்புதான் நாயி. நீ நாய மயக்கம் போட வெச்சிட்ட. திருடன் உள்ள உக்காந்து சோறு ஆக்கித் தின்னுக்கிட்டு இருக்கறான். புரியுதா? ஆபரேசன் ஆன கண்ணுக்கு அது அமுதம். காளான் புடிச்ச கண்ணுக்கு அது எருவு. எருவு போட்டு வளத்திருக்கறீங்க.

அம்மா என்னா சொல்றாங்க?... பூ விழுந்திருக்குதா. வெள்ளையா புள்ளி வந்தா பூ. இந்த ஊருல எல்லாத்துக்கும் பூவு, புரை, சதை, இந்த மூணு பேருதான். நான் வேலைக்குச் சேந்த நாளா இதக் கேட்டுக் கேட்டுச் சலிச்சிட்டேன். பூவாம். எவ்ளோ அழகாப் பேரு வெச்சிருக்கறாங்க பாரு. சீழுடா அது. அழுகுன சதை.

சரி, அந்தத் தருமபுரி டாக்டரு எதனா மருந்து குடுத்தாரா?... குடுத்தாரு. வெள்ளையா, மோராட்டம், குலுக்கி வுடறது. மணிக்கு ஒரு தடவ. ஆமா, அதான் காளானுக்கு மருந்து. வுட்டீங்களா?... ஒரு நாளா? ஏன் ஒரு நாளு?...

என்னா சொன்ன? திரும்பச் சொல்லு.

வெள்ள மருந்து வுட்டதாலதான் வெள்ளப் புள்ளி பெருசாச்சா? யாரு கண்டுபுடிச்சது, அம்மாவா நீயா?... ரெண்டு பேரும் சேந்து. அந்த மருந்து கண்ணுல வெள்ளையாத் திட்டுத் திட்டா ஒட்டித்தான் நிக்கும், அதப் பாத்துட்டு பூவு வளருதுன்னு மருந்த நிறுத்திட்டீங்க. நிறுத்திட்டு?... மறுபடியும் அம்மாவோட மருந்து. ஏன்னா அது தண்ணியாட்டம் தெளிவா இருக்குது. சுத்தமா இருக்குதுன்னு.

இன்னிக்குக் காலையில வுட்டீங்களா?...

வுட்டீங்க.

எனுக்கு எப்பிடி இருக்குது தெரியுமா முனிராஜு? உன்ன நேர்ல பாத்தா அறைஞ்சிருவேன். எவன் சொன்னான் உனுக்கு அந்த மருந்த வுடச் சொல்லி? எவன்டா சொன்னது? கண்ட நாயி சொல்றதக் கேட்டு ஒரு மருந்த எடுத்துக் கண்ணுல வுடுவியா? பேரச் சொல்லு, அவன நான் கேக்கறேன்... யாரும் சொல்லலியா? நீயாவா? நீயா எங்கிருந்து டாக்டரு ஆன... சரி, வாய மூடிக்கினே இரு. அதுலதான் நீ கெட்டிக்காரன்.

இப்ப எதுக்கு இந்தச் சீட்டப் படிச்சிக் காட்டற? மூணு நாளு கழிச்சி இன்னிக்கு மட்டும் என்னா ஞானம் வந்துச்சு?... சின்னராஜு வர்றானா. அமுதாவோட அண்ணன். ம்... ஞாயித்துக்கெழம உம் பொண்ணு பிரியங்காவுக்கு மஞ்சத்தண்ணி சீரு. தெரியும், பத்திரிக எனுக்கும் வந்துச்சு. தாய்மாமன் சீரோட வர்றவன் இன்னிக்கே வர்றானா. ஒசூருல பஸ்சு ஏறிட்டான். அதுக்கு?...

என்னா?

இரு, இரு. நான் ஒழுங்காக் கேட்டனா? உன் மச்சான் வந்து தங்கச்சி கண்ண பாத்தா என்னா சொல்றதுன்னு கேக்கறியா. இந்தச் சீட்டுல இருக்கற பேருக்குப் பதிலா சின்னதா ஒரு பேரு சொல்லணுமா. நான் போன்ல சொல்லணுமா அவன்கிட்ட. கண்ணு ஆஸ்பத்திரியில வேல செய்யற அக்காவே சொல்லிச்சு, மெட்ராஸ் ஐதான், ஞாயித்துக்கெழம சீரு முடிஞ்சதும் சரியாயிரும்னு.

மெட்ராஸ் ஐயா?

மெட்ராஸ் ஐ, நாலு நாளு கண்ணு செவந்து போற வியாதி. பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களுக்கு வர்றது. இவுளுக்கு வந்திருக்கறது கண்ணத் தின்னுற வியாதி. ரெண்டும் ஒண்ணா?... அதுக்குக் கூலிங் கிளாசு வேற வாங்கி வெச்சிருக்கறியா. போட்டோவுல தெரியாதுன்னு. பேனர்ல அவ போட்டோ பழசு, நல்லா இருக்குதா. அப்ப பேனர அவ பக்கத்துல நிறுத்தி வெச்சிடு.

ஒண்ணு சொல்லட்டுமா? மருத்துவத்துல ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேரு வெச்சிருக்கறது ஊருக்கு முன்னால நாம மானத்தக் காப்பாத்திக்கறதுக்கு இல்ல. அந்தப் பேரப் பாத்ததும் அடுத்த டாக்டரு என்னா பண்ணணும்னு தெரிஞ்சிக்கறதுக்கு. நீ பேர மாத்துனா அவ கண்ணுக்குள்ள இருக்கறது மாறிடுமா? காளானுக்குப் படிப்பு இருக்குதா, நாம சொன்ன பேரக் கேட்டுட்டுப் போவறதுக்கு?...

அழுவாத. இப்ப அழுது என்னா ஆவப்போவுது... எனுக்குத் தெரியும் நீ அவுள கஷ்டப்படுத்தணும்னு பண்ணல. தெரியும். ஆனா கேக்கக் கேக்க அருவருப்பா இருக்குதுடா, நம்ம வூட்டுல நடந்திருக்குதுன்னு நெனச்சா. பொம்பள வலியோட நடந்துக்கினு இருக்கறா, நீங்க எல்லாரும் எந்தப் பேரு நல்லா இருக்கும்னு பாத்துக்கினு இருக்கறீங்க...

அவ என்னா பண்றா இப்ப?... அரிசி பொடைக்கறாளா? ஒத்தக் கண்ண மூடிக்கினா? சீருக்கு... போன அவகிட்டக் குடு. இரு, குடுக்காத. மொதல்ல வூட்டுல டார்ச்சு லைட்டு இருக்குதா? பேட்டரி லைட்டு... எடுத்துக்கிட்டு வா. போன ஸ்பீக்கர்ல போடு. அவுள உள் ரூம்புல, இருட்டுல உக்கார வை. கதவச் சாத்து.

அமுதா... நான் சசி பேசறேன்மா. இல்ல, திட்டல, உன்ன திட்டல. நான் சொல்றத மட்டும் செய்யி. எடது கண்ணு, நல்லாத் தெரியற கண்ணு, அத உள்ளங்கையால மூடு. வெரலு சந்து வழியாப் பாக்கக்கூடாது. நல்லா அமுத்தி மூடு. வலது கண்ண மெதுவாத் தெற... எரியுதா. எரியட்டும், கொஞ்ச நேரம். முனிராஜு, நீ பேசாத. லைட்ட அவ கண்ணுக்கு நேரா, ஒரு மொழம் தள்ளிப் புடிச்சிப் போடு. போட்டியா?...

அமுதா, எதனா தெரியுதா?...

அவசரமில்ல. யோசிச்சிச் சொல்லு. தெரியிலன்னா தெரியிலன்னு சொல்லு, எனுக்காகச் சொல்லாத...

தெரியுதா. எப்பிடித் தெரியுது?... மஞ்சளா, பொகையில. சரி. சரி. முனிராஜு, அணைச்சிட்டு மேலருந்து போடு. எந்தப் பக்கம்னு அவுளுக்குச் சொல்லாத. வாயத் தெறந்தா பாரு... அமுதா, இப்ப வெளிச்சம் எங்கருந்து வருது?... மேல. ம். அணை. கீழருந்து... எங்கம்மா?... கீழ. ம். அடுத்து காதுப் பக்கம்... ம். மூக்குப் பக்கம்... யோசி... யோசி... மூக்குப் பக்கம். சரி.

நாலும் சொல்லிட்டா.

முனிராஜு, கேளு. உள்ள இருக்கற தெரை இன்னும் உசுரோட இருக்குது. அதாவது, கண்ணோட பின்பக்கம். முன்னாடி கண்ணாடிதான் அழுகுது. கண்ணாடி ஓட்ட வுழறதுக்குள்ள போயிட்டா மருந்து இருக்குது. மருந்துல கேக்கலன்னா, செத்தவங்க தானம் பண்ண கருவிழிய எடுத்து வெச்சித் தெப்பாங்க. ஓட்ட வுழுந்துருச்சுன்னா பேச்சே வேற. அந்தக் கண்ணாடி ஞாயித்துக்கெழம வரைக்கும் தாங்காது. நாளைக்கி வரைக்கும் தாங்குமான்னே எனுக்குத் தெரியாது. இன்னிக்கு, இப்ப. கரும்பும் வேணா, சீரும் வேணா, அரிசியும் வேணா. நம்ம ஊரு முத்துராஜுகிட்ட டாட்டா ஏஸ் வண்டி இருக்குதில்ல? தக்காளி எறக்கிட்டு வந்திருப்பான். கூப்புடு அவன. நீ போயி கூப்புட்டுட்டு வா, போனு அவகிட்டயே இருக்கட்டும். பாப்பாரப்பட்டியிலருந்து தருமபுரி முக்கா மணி நேரம். நான் இங்கருந்து பஸ்சு ஏறி பெரிய ஆஸ்பத்திரி கேட்டுல நிக்கறேன். ஓடு.

அமுதா... போயிட்டானா?... ம். நீ கண்ண மூடிக்க. துணி வெச்சிக் கட்டாத. தேய்க்காத. தண்ணி வுட்டுக் கழுவாத. அந்தச் சீட்டும், வெள்ள மருந்தும், அம்மாவோட பாட்டிலும், மூணையும் ஒரு கவர்ல போட்டு எடுத்துக்க. டாக்டரு பாக்கணும்...

நோவு எப்பிடி இருக்குது?... ராத்திரி பூரா செவுத்துல தலைய முட்டிக்கினியா. ஏம்மா ஒரு போன் பண்ணல எனுக்கு? அவனுந்தான் பண்ணல, நீயாவது பண்ணக்கூடாதா? என் நம்பரு உன்கிட்ட இருக்குதில்ல. அந்த எச்சி நாக்க வுட்டப்பவே நீ தள்ளி வுட்டிருக்க வேணாமா? உனுக்கும் கோவம் வராதா? கண்டவங்க சொன்ன மருந்த கண்ண மூடிக்கினு...

என்னாது?

என்னாம்மா சொல்ற...

நான் சொன்னனா? எப்ப?... போன வருசமா... பிரியங்காவுக்குக் கண்ணு அரிப்பு வந்தப்ப... நீ போன் பண்ண. நான் கேம்ப்புல இருந்தேன்... ம். ம்... கூட்டமா இருந்துச்சு. ஆமா. ஆமா, ஞாபகம் வருது. பென்னாகரம் பக்கம், ஒரு பள்ளிக்கூடத்துல. அம்மாவோட சொட்டு மருந்து மிச்சம் இருக்கும் பாரு, மூணு நாளைக்கி வுடு, சரியாயிரும்னு... நான்தான் சொன்னேன்.

ஒரு வாரத்துல சரியாயிருச்சா அவுளுக்கு...

அன்னியிலருந்து அது சசி அண்ணி சொன்ன மருந்து. ம்... கண்ணு ஒறுத்துனா அது, செவந்தா அது. பக்கத்து வூட்டுக்கும் குடுத்தீங்களா... காசியம்மா அத்தைக்குமா. சரி...

அதான் அவன் வாயத் தெறக்கல. எவன் சொன்னான்னு நான் கத்தறேன், கண்ட நாயின்னு திட்டறேன், அவன் வாய மூடிக்கினு நிக்கறான். எனுக்குத் தெரியக்கூடாதுன்னு நெனச்சிருக்கறான்.

இல்ல, நீ சமாதானம் சொல்லாத. நீ எனுக்குச் சமாதானம் சொல்லாத அமுதா. நாக்க வுட்டவங்கள நெனச்சி அருவருத்தேன். அவுங்க நாக்க வுட்டாங்க, நான் வாய வுட்டேன். கண்ண பாக்காம, டார்ச்சு அடிச்சிப் பாக்காம, நடந்துக்கினே, போன்ல. படிச்சவ. த்தூ. என்னையே துப்பிக்கணும்போல இருக்குது. அவுங்களுக்குத் தெரியாது, செஞ்சாங்க. எனுக்குத் தெரியும். ஸ்டீராய்டுன்னா என்னான்னு எனுக்கு நல்லாத் தெரியும்.

உங்கண்ணன் வந்ததும் போன் போட்டு எங்கிட்டக் குடு. வழியில வந்தாலும் சரி, ஆஸ்பத்திரிக்கே வந்தாலும் சரி. கருவிழியில புண்ணு, காளான், சீழு, மூணையும் நானே அவன்கிட்டச் சொல்றேன். யாரு மருந்து வுடச் சொன்னதுன்னு கேப்பான். அதையும் நானே சொல்றேன். முனிராஜு மேல கைய வெக்கவுடாத. அடிக்கறதுன்னா நான் கேட்டுல நிக்கறேன், வரச் சொல்லு...

பார்வ வந்துருமான்னா... 

தெரியாதும்மா. வெளிச்சம் நாலு பக்கமும் தெரிஞ்சிச்சு, அது நல்ல சங்கதி. அவ்ளோதான் எனுக்குத் தெரியும். எவ்ளோ வரும், எப்ப வரும், டாக்டரு மைக்ராஸ்கோப்புல வெச்சிப் பாத்துதான் சொல்லணும். தெரிஞ்ச மாரி நான் ஒரு தடவ பேசுனது போதும்.

வண்டி சத்தம் கேக்குது. முத்துராஜா?... ம், ஏறு. முன்னாடி சீட்டுல உக்காரு, பின்னாடி காத்து அடிக்கும். பிரியங்கா அழுவுறாளா... வூட்டுலயே இருக்கச் சொல்லு. சீரு எங்கியும் போயிடாது, அடுத்த மாசம் வெச்சிக்கலாம்னு அத்த சொன்னாங்கன்னு சொல்லு...

என்னா?... தல வெடிக்குதா... ம்... ம்... அழுவாதம்மா, அழுதா இன்னும் நோவும்... வழியில மெடிக்கல்ல நிறுத்தி வலி மாத்திர ஒண்ணு வாங்கிப் போட்டுக்கவான்னு கேக்கறியா...

அமுதா, அதுக்கு ஒரு மாத்திர பேரு எனுக்குத் தெரியும். தெனமும் நூறு பேருக்குச் சீட்டுல பாக்கறதுதான். நாக்கு மூனையில நிக்குது. ஆனா சொல்ல மாட்டேன்.

கோவிச்சிக்காத... தெரியும்மா, வலிக்குதுன்னு தெரியும். முக்கா மணி நேரம் பல்லக் கடிச்சிக்க. இனிமே போன்ல வுடாத, போடாத, தேய்க்காதன்னு மட்டும்தான் சொல்லுவேன். போடுன்னு ஒரு வார்த்த சொல்ல மாட்டேன், உனுக்குன்னு இல்ல, யாருக்கும் சொல்ல மாட்டேன்.

கெளம்பச் சொல்லு அவன. நான் வெக்கறேன்.